சுமைதாங்கி



ஒரு வீட்டுப் பிள்ளை மரத்திலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டால், அன்று சாயங்காலமே அக்கம்பக்கத்தார் வந்து விசாரிக்கிறார்கள். ஒருவர் பழம் வாங்கி வருகிறார். இன்னொருவர் எந்த வைத்தியரிடம் போகலாம் என்று சொல்லுகிறார். அதே பிள்ளை மாதக்கணக்காய்த் தூங்காமல், பள்ளிக்கூடம் என்றாலே நடுநடுங்கி, சில நாள் எவரோடும் பேசாமல், சில நாள் கையில் கிடைத்ததையெல்லாம் போட்டு உடைத்து, தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டால், யார் விசாரிக்க வருகிறார்கள்? அந்த வீட்டுக் கதவு சாத்தப்படுகிறது. உள்ளே இருப்பவர்கள் வெட்கத்தினால் சாத்துகிறார்கள். வெளியே இருப்பவர்களும் அது சாத்தியிருப்பதே நல்லது என்று எண்ணித் தங்கள் வழியே போய்விடுகிறார்கள்.

இப்படிப்பட்ட பிள்ளைகள் எங்கோ சிலர் என்று நினைக்க வேண்டாம். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு 7 பேருக்கு மேல் ஏதாவதொரு மனநலக் கோளாறு காணப்பட்டது. இலேசானதும் கடுமையானதும் சேர்ந்த கணக்கு இது. அப்படியானால் நம் ஞானோபதேச வகுப்பிலும், பாடற்குழுவிலும், பூசைக்கு வரிசையாய் உட்காரும் பிள்ளைகள் மத்தியிலும் அவர்கள் இருக்கிறார்கள். சிலர் வீட்டிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களோடு அவர்கள் தாயும் பூசைக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

இந்த வாரம் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறோம். இப்பேர்ப்பட்ட பிள்ளையைச் சுமக்கும் குடும்பத்துக்கு, அதுவும் அப்படிப்பட்ட பல குடும்பங்கள் ஒன்றுகூடி ஒருவரையொருவர் தாங்கிக்கொள்வதற்கு, பொதுப் பணத்திலிருந்து மானியம் கொடுப்பது முறைதானா? பெற்ற பிள்ளையைப் பார்ப்பதற்குப் பணம் வாங்குவது தாய் தகப்பனுக்கு அழகா? கேள்வி சிறியதாய்த் தோன்றலாம். ஆனால் அன்பு, நீதி, வெட்கம் மூன்றும் இதில் பிணைந்து கிடக்கின்றன.

முதலில் ஒரு தடையை நீக்கிக்கொள்வோம். இந்த நோய்க்கு நம் ஊரில் இரண்டு காரணம் சொல்லுவார்கள். ஒன்று, பேய் பிடித்தது. மற்றொன்று, வளர்ப்புச் சரியில்லை. முதலாவது பிள்ளையைக் குற்றப்படுத்துகிறது. இரண்டாவது தாயைக் குற்றப்படுத்துகிறது. திருச்சபையின் ஞான உபதேசம் (1992) பேயோட்டுதலைப் பற்றிப் பேசும் இடத்திலேயே, நோய், விசேஷமாய் மனநோய், முற்றிலும் வேறான காரியம் என்றும், அதைக் குணப்படுத்துவது வைத்திய சாஸ்திரத்துக்கு உரியது என்றும் தெளிவாய்ச் சொல்லுகிறது. மேற்றிராணியாரின் விசேஷ அனுமதியில்லாமல் எந்தக் குருவும் பேயோட்டும் சடங்கை நடத்தக் கூடாதென்பது திருச்சபைச் சட்டம். கயிறு கட்டி, மந்திரித்து, சங்கிலியில் பிணைத்து வைத்ததின் முடிவை 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி இராமநாதபுரம் ஏர்வாடியில் கண்டோம். அன்று விடியற்காலையில் பற்றிய தீயில் சங்கிலியோடு கட்டுண்டிருந்த மனநோயாளர் 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே விட்டுப்போன குடும்பங்களெல்லாம் கல்நெஞ்சக்காரர்களா? அன்பில்லாமல் விட்டுப்போனவர்கள் சிலர் இருக்கலாம். தாங்க முடியாமல், வேறு போக்கிடம் தெரியாமல் விட்டுப்போனவர்கள் எத்தனை பேர்!

இப்போது சுவிசேஷத்தைத் திறந்து பாருங்கள். அர்ச். மாற்கு 9-ம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் தன் மகனைச் சேசுநாதரிடம் கொண்டுவருகிறான். பையன் தரையில் விழுந்து துடிக்கிறான். ஆண்டவர் உடனே அவனைத் தொட்டுக் குணமாக்கியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், தகப்பனைப் பார்த்து, இது இவனுக்கு எவ்வளவு காலமாய் இருக்கிறதென்று கேட்கிறார். எல்லாம் அறிந்தவர் ஏன் கேட்க வேண்டும்? அந்த மனிதன் பேச வேண்டுமென்பதற்காகவே கேட்டார் என்று எண்ணலாம். சீடர்களும் சட்ட வல்லுநரும் கூடித் தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்த அந்தக் கூட்டத்தில், பிள்ளையின் கதையை ஆதியோடந்தமாய் அறிந்தவன் அந்தத் தகப்பன் ஒருவனே. சிறு வயது முதல், தீயிலும் தண்ணீரிலும் விழப்போனவனைத் தடுத்துக் காப்பாற்றியவன் அவன். அவன் எப்படி மன்றாடுகிறான் என்பதைக் கவனியுங்கள். இவன்மேல் இரங்கும் என்று மாத்திரம் சொல்லாமல், எங்கள்மேல் இரங்கி எங்களுக்கு உதவி செய்யும் என்கிறான். நோய் மகனுக்கு, உதவி கேட்பதோ எங்களுக்கு. ஒரு பிள்ளை இப்படி நோயுற்றால் குடும்பம் முழுவதும் நோயுறுகிறது என்பதை அந்த ஒரு சொல்லில் அவன் சொல்லிவிட்டான். ஆண்டவர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை.

ஆகவே, உதவி கேட்பது வெட்கத்துக்குரிய காரியமல்ல. சரி, பணம்? அங்கேதான் நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம்.

"பெற்ற பிள்ளையைப் பார்ப்பது கடமை, அதற்குக் கூலி உண்டா?" என்பது முதல் ஆட்சேபம். கடமை என்பது மெய்தான். ஆனால் கடமையைச் செய்வதற்கும் கை வேண்டுமல்லவா? தறியில் உட்காரும் ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். மகளைக் க. விலக்கிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் நாளில் அவளுக்கு நெசவு நின்றுபோகிறது, கூலி போகிறது. பஸ் கட்டணம், வெளியில் சாப்பாடு, வீட்டில் விட்டுவந்த சின்னப்பிள்ளைக்கு ஒரு துணை, இத்தனையும் வேண்டும். மாதம் இரண்டு தடவை என்றால் எப்படி? ஏலக்காய்த் தோட்டத்துக்கு விடியுமுன் ஜீப் ஏறிப் போகிற தகப்பனுக்கும் இதே கதைதான். மாத்திரை இலவசமாய்க் கிடைத்தாலும், மாத்திரை வாங்கப்போகும் நாள் இலவசமல்ல. கடமையை நிறைவேற்றுவதற்கு வேண்டிய கைப்பொருளைக் கொடுப்பது அன்புக்கு விலை வைப்பதாகாது.

பெல்ஜியம் தேசத்தில் கேல் என்றொரு ஊர் இருக்கிறது. மனநோயாளருக்குப் பாதுகாவலியான அர்ச். டிம்ப்னாவின் கோவில் அங்கே உள்ளது. பல நூற்றாண்டுகளுக்கு முன் நோயாளிகளைத் திருயாத்திரையாய் அங்கே கூட்டிவந்தார்கள். கோவிலில் இடம் போதாமற்போகவே, ஊரார் தங்கள் வீடுகளில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வழக்கம் இன்றுவரை நிற்கிறது. 1930-களின் இறுதியில் அந்தச் சிற்றூர்க் குடும்பங்களோடு மூவாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகள் வாழ்ந்தார்கள். 19-ம் நூற்றாண்டின் நடுவில் பெல்ஜிய அரசாங்கம் இதன் பொறுப்பை ஏற்றது. அந்தக் குடும்பங்களுக்கு அரசாங்கம் ஒரு சிறு தொகை கொடுத்துவருகிறது. அந்தத் தொகை வந்ததனால் அங்கே அன்பு செத்துப்போனதா? இல்லை. எழை வீடும் ஒரு நோயாளியை ஏற்க முடிந்தது, அவ்வளவுதான்.

நம் தாயாகிய திருச்சபையும் இதில் மயக்கமின்றிப் பேசியிருக்கிறது. 13-ம் சிங்கராயர் பாப்பரசர் 1891-ல் தொழிலாளர் நிலையைப் பற்றி எழுதிய நிருபத்தில், அரசாங்கம் தன் இஷ்டம்போல் குடும்பத்துக்குள் நுழையலாகாது என்று கண்டிக்கிறார். ஆனால் ஒரு குடும்பம் மீள வழியில்லாத நெருக்கடியில் விழுந்தால், அதற்குப் பொது உதவி கிடைப்பது நியாயம் என்றும் அங்கேயே சொல்லுகிறார். 11-ம் பத்திநாதர் 1931-ல் இதை விரித்து, சிறிய சமூகம் செய்யக்கூடியதைப் பெரிய சமூகம் பறித்துக்கொள்ளலாகாது, அதற்குத் துணை நிற்கவே வேண்டும் என்று போதித்தார். 1983-ல் திருப்பீடம் வெளியிட்ட குடும்ப உரிமைகளின் சாசனமோ, குடும்பங்கள் மற்றக் குடும்பங்களோடு கூடிச் சங்கம் அமைத்துக்கொள்ள உரிமையுண்டென்று சொல்லுகிறது.

இரண்டாவது ஆட்சேபம்: "பணம் கொடுப்பதானால் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கட்டும், படிப்பறியாத குடும்பங்கள் கூடி என்ன செய்யப் போகின்றன?" ஆஸ்பத்திரிக்கும் கொடுக்க வேண்டும், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் வைத்தியர் பிள்ளையை மாதத்தில் அரைமணி நேரம் பார்க்கிறார். மற்ற நேரமெல்லாம் யார் பார்க்கிறார்கள்? நம் தேசத்து வைத்தியர்கள் சிலர் இதை முன்பே உணர்ந்தார்கள். 1950-களில் அமிர்தசரஸ் மனநோய் ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யாசாகர், நோயாளியின் குடும்பத்தாரை வளாகத்திலேயே கூடாரமடித்துத் தங்கவைத்து, அவர்களையும் வைத்தியத்தில் சேர்த்துக்கொண்டார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் அந்தப் பத்தாண்டின் பிற்பகுதி முதலே உறவினர் ஒருவர் நோயாளியோடு கூட இருக்கும் முறையைக் கைக்கொண்டது. பின்னர் சென்னையில், டாக்டர் சாரதா மேனன் 1984-ல் ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கிய பிறகு, மனநோயாளரின் குடும்பத்தார் ஆஷா என்ற அமைப்பைத் தாங்களே கூடி ஏற்படுத்திக்கொண்டார்கள்.

குடும்பத்தை ஒதுக்கிவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்கா ஒரு பாடம். 1982-ல் ஜேன் நிட்சர் என்ற பெண்மணி எழுதிய அறிக்கை, கடும் மனக்கோளாறுள்ள பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு வேண்டிய உதவி கிடைக்கவில்லை என்று காட்டிற்று. அதைவிடக் கொடுமை என்னவென்றால், செலவு தாங்காத பெற்றோர் பலர், வைத்தியம் கிடைக்கவேண்டுமென்பதற்காகவே, பிள்ளையின்மேல் தங்களுக்குள்ள பாதுகாப்பு உரிமையை அரசாங்கத்துக்கு எழுதிக்கொடுக்க நேர்ந்தது. 2001-ம் ஆண்டில் 12,700-க்கு மேற்பட்ட பிள்ளைகள் மனநல வைத்தியத்துக்காகவே குழந்தைகள் நலத் துறையிடமோ சிறார் நீதித் துறையிடமோ ஒப்படைக்கப்பட்டார்கள் என்று அந்நாட்டு அரசாங்கத் தணிக்கை அலுவலகம் 2003-ல் தெரிவித்தது. கணக்குக் கொடுத்த சில இடங்களின் தொகை மட்டுமே அது. அன்பில்லாத பெற்றோரா அவர்கள்? பிள்ளையைப் பிழைக்கவைக்கப் பிள்ளையையே விட்டுக்கொடுக்கும்படி ஆயிற்று!

இதைக் கண்டு பொறுக்காத பெற்றோர் ஒன்றுசேர்ந்தார்கள். நாளடைவில் அந்நாட்டு மத்திய அரசாங்கம் மாநிலக் குடும்ப வலையமைப்பு என்ற பெயரில் ஒரு மானியத்தை ஏற்படுத்தியது. அதில் ஒரு நிபந்தனை உண்டு. மானியம் வாங்கும் அமைப்பின் நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இப்படிப்பட்ட பிள்ளையை வளர்க்கும் குடும்பத்தாராய் இருக்கவேண்டும். பணம் பெரும்பாலும் கட்டடத்துக்குப் போகவில்லை. ஏற்கனவே இந்தப் பாதையில் நடந்த ஒரு தாய், இன்று புதிதாய் அதில் கால்வைக்கும் தாய்க்கு வழி சொல்லவும், பள்ளிக்கூடத்தில் பேசவேண்டியபோது கூடப்போகவும், அரசாங்கத்தாரின் கூட்டங்களில் பெற்றோரின் குரல் ஒலிக்கவும் செலவாயிற்று.

இதை நம் ஊர்ப் பாஷையில் சொல்ல ஒரு வார்த்தை உண்டு. பழைய சாலை ஓரங்களில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருக்கிறீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவன் பிறர் உதவியின்றி அதன்மேல் பாரத்தை இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கிக்கொண்டு போவான். கல் அவன் சுமையை ஊர் கொண்டுபோய்ச் சேர்க்காது. சுமப்பவன் அவன்தான். ஆனால் அந்தக் கல் இல்லாவிட்டால் பாதிவழியில் விழுந்துபோவான். அந்தக் கல்லை யார் நட்டார்கள் என்பது உங்கள் தாத்தா பாட்டிக்குத் தெரியும். கருவுற்றிருந்த பெண் பிரசவிக்காமல் இறந்துபோனால், அவள் இறக்கிவைக்க முடியாத சுமையை நினைத்து, அவள் குடும்பத்தார் பிறர் சுமையை இறக்குவதற்கென்று அந்தக் கல்லை நாட்டினார்கள். துக்கப்பட்டவர்களே துக்கப்படுகிறவர்களுக்குச் செய்த உதவி அது. குடும்பங்கள் கூடும் சங்கமும் அத்தகையதே. அதற்குக் கொடுக்கும் மானியம், கல் நடுவதற்கான கூலி.

மூன்றாவது ஆட்சேபம்: "பணம் என்றால் மோசடி வரும்." வரலாம். கள்ளனுக்குப் பயந்து விதைக்காமல் இருக்கிறவன் உண்டா? கணக்கை எல்லாரும் பார்க்கும்படி எழுதிவைப்பது, வருஷத்துக்கொரு முறை படித்துக்காட்டுவது, பயன் அடைகிறவர்களே நிர்வாகத்தில் இருப்பது, இவை மோசடிக்குத் தடை. தன் பிள்ளைக்குச் சேரவேண்டியது எங்கே போயிற்று என்று ஒரு தாய் கேட்பதைப் போல வேறு எந்தத் தணிக்கைக்காரர் கேட்பார்?

நம் நாட்டில் நிலைமை என்ன? 1999-ம் வருஷத்துத் தேசிய அறக்கட்டளைச் சட்டம், ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறை, பல்வகை ஊனம் ஆகியவை உள்ளவர்களுக்காக ஏற்பட்டது. அதன் நிர்வாக வாரியத்தில் பெற்றோர் சங்கங்களுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது, நல்ல ஏற்பாடு. ஆனால் மனநோய் மட்டும் உள்ள பிள்ளை அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் தன் 21 வகைகளில் ஒன்றாய்ச் சேர்த்துக்கொண்டது. மிகுந்த ஆதரவு தேவைப்படுகிறவர்களுக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை தர அரசுகள் திட்டம் வகுக்கவேண்டும் என்று அதன் 24-ம் பிரிவு சொல்லுகிறது. தங்கள் பொருளாதார சக்திக்கு உட்பட்டு என்ற வார்த்தையும் கூடவே இருக்கிறது. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசாங்கச் செலவில் மனநல வைத்தியம் பெறுவதை எல்லாருக்கும் உரிமையாக்கிற்று. ஆகவே வழி இல்லாமலில்லை. வாசல் வரைக்கும் வழி வந்திருக்கிறது. தட்டுவதற்கு ஆள் வேண்டும். ஒற்றைத் தாய் தட்டினால் நாளைக்கு வா என்பார்கள். இருபது குடும்பம் சேர்ந்து தட்டினால் கதவு திறக்கும்.

அன்பர்களே, பணத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டதால் ஓர் எச்சரிக்கையும் தேவை. மானியம் வந்துவிட்டால் நம் கடமை தீர்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது. அரசாங்கம் பஸ் கட்டணம் கொடுக்கலாம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வராது. அது பங்கின் வேலை. மரியாயின் சேனையாரும் வின்சென்ட் தே பவுல் சபையாரும் வீடு சந்திக்கப் போகும்போது, கதவு சாத்திய வீடுகளையும் சேர்த்துக்கொள்ளட்டும். போய்ப் புத்தி சொல்ல வேண்டாம். எவ்வளவு காலமாய் இருக்கிறதென்று கேட்டுவிட்டு, பதிலை முழுதும் கேளுங்கள். ஒரு தாய் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் அவள் சின்னப்பிள்ளையை ஒரு பகல் பார்த்துக்கொள்ளுங்கள். தாய்மார்கள் பெண் பார்க்கும் பேச்சில், அந்த வீட்டில் அப்படியொரு பிள்ளை இருக்கிறது என்று காதோடு காதாய்ச் சொல்வதை விட்டுவிடுங்கள். கதவைச் சாத்தவைப்பது பெரும்பாலும் அந்தப் பேச்சுத்தான். இப்படிப்பட்ட மூன்று நான்கு குடும்பங்கள் மாதம் ஒரு ஞாயிறு ஓரிடத்தில் உட்கார்ந்து பேசினாலே போதும்; சங்கம் பிறந்துவிட்டது. பதிவும் மானியமும் பிறகு வரட்டும்.

அவசரத்தில் என்ன செய்வதென்று தெரியாதவர்கள், 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி எண் 14416-ல் இரவு பகல் எந்நேரமும் இலவசமாய்ப் பேசலாம், தமிழிலும் பேசலாம். பிள்ளை உயிரை மாய்த்துக்கொள்ளப் பேசினால், அதை விளையாட்டென்று எண்ணாமல் அப்பொழுதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச்செல்லுங்கள். அந்த இரவு தனியே விடாதேயுங்கள்.

அந்தத் தகப்பனையும் மகனையும் பற்றி அர்ச். லூக்காசும் எழுதியிருக்கிறார். அவர் ஒரு விஷயத்தைக் கூடச் சேர்த்திருக்கிறார். ஆண்டவர் பையனைக் குணமாக்கிய பிறகு, அவனைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. சீடர் கையிலும் கொடுக்கவில்லை. அவனைத் தகப்பனிடமே திரும்ப ஒப்புவித்தார். பிள்ளையின் இடம் தகப்பன் கை. அந்தக் கை சோர்ந்து விழாதபடி தாங்குவது மற்ற எல்லாருடைய கடமை: அரசாங்கத்தின் கடமை, பங்கின் கடமை, உங்கள் கடமை.

சர்வேசுரன் உங்கள் வீடுகளையும், விசேஷமாய்க் கதவு சாத்திய வீடுகளையும் ஆசீர்வதிப்பாராக.